ஷூவை மாற்ற மறந்தவர்கள்: திருடன் மாட்டிக்கொள்வது எதனால்?

ஏட்டுப்பேரன் · ஞாயிறு காலை 9.10

2025 மார்ச் 25 காலை சென்னையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வாக்கிங் போகிற நேரம். பைக்கில் வந்த இரண்டு பேர் தென்சென்னையில் அடுத்தடுத்துப் பல இடங்களில் செயினைப் பறித்துவிட்டு நேராக விமான நிலையத்துக்குப் போனார்கள். சட்டையை மாற்றியாயிற்று, கடைசி நேர டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஷூவை மட்டும் மாற்றவில்லை. தெருக் கேமராவில் பார்த்த அதே ஷூ விமான நிலையத்துக்குள் நடந்து போனது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிக் கூட்டிவந்தார்கள்.

என் தாத்தா வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஏட்டாக இருந்தவர், அதில் பாதிக் காலம் க்ரைம் டீம். அவர் அடிக்கடி சொல்வது: "எடுக்கிறது அரை மணி நேர வேலைடா. எடுக்காத மாதிரி இருக்கிறதுதான் ஆயுசு வேலை." புதுத் திருட்டு நடந்தால் கன்னம் வைத்த சுவரைப் பார்க்க மற்றவர்களை அனுப்பிவிட்டு, இவர் சாராயக் கடைக்கும் சினிமாக் கொட்டகைக்கும் போவாராம். தரை டிக்கெட்டுக்காரன் திடீரென்று பால்கனியில் உட்கார்ந்திருந்தால் இடைவேளையில் தோளில் கை விழும்.

பெரிய திட்டமெல்லாம் போட்டு, அப்புறம் அற்ப விஷயத்தில் சொதப்பி மாட்டிக்கொண்ட கதைகள் உங்களிடம் இருந்தால் போடுங்கள். செய்தியில் வந்ததும் சரி, தெருவில் நடந்ததும் சரி.

கூவம்கரை · காலை 9.41

என் வண்டிக் கதையே இருக்கிறது. ஒரு புறநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தேன், காணோம். புகார் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், வண்டி போனது போனதுதான் என்று இருந்தேன். ஒன்பதாவது நாள் போனில் ஒரு எஸ்.எம்.எஸ். ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய் அபராதம். என் வண்டி எண். திறந்து பார்த்தால் படம். திருடியவன் நேராகக் கேமராவைப் பார்த்தபடி சிக்னலில் நிற்கிறான். ஆதார் அட்டையில்கூட யாருக்கும் அவ்வளவு தெளிவாக முகம் விழாது.

அடுத்த நாளும் ஒன்று வந்தது. அதே சிக்னல், அதே காலை 8.40. அதற்கடுத்த நாளும். என் வண்டியைத் திருடி ஆள் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான்! லேட்டாகக்கூட வருவதில்லை. நான்காவது நாள் அந்த சிக்னலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள், முடிந்தது.

லாக்கை உடைக்கத் தெரிந்தவனுக்கு நம்பர் பிளேட்டைக் கழற்றத் தோன்றவில்லை. வண்டி வந்துவிட்டது. அபராதம் மட்டும் இன்னும் என் பெயரில்தான் நிற்கிறது.

புதுப்பேட்டை_பாய் · காலை 9.55

கூவம்கரை அண்ணே, காணாமல் போன முதல் நாள் நீங்கள் புதுப்பேட்டையில் எங்கள் பழைய வண்டி உதிரிபாகத் தெருவுக்கு வந்து தேடியிருப்பீர்களே? எல்லோரும் வருவார்கள். வண்டி போனால் புதுப்பேட்டை, மழை வந்தால் வேளச்சேரி என்று ஒரு முடிவோடு இருக்கிறீர்கள். ஆர்.சி. இல்லாத வண்டியைத் தொடாத கடைகள் இங்கே நிறைய. எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் சுரண்டியிருந்தால் பார்த்த உடனே தெரியும். சுரண்டினதே சாட்சி.

கூவம்கரை · காலை 9.58

வந்தேன் பாய். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மூர்மார்க்கெட் · காலை 10.20

வயதானவன், பழைய கதை சொல்கிறேன். சென்னையில் இந்தத் தலைப்புக்கு முதல் மரியாதை ஆளவந்தார் கொலை வழக்குக்குத்தான்.

1952 ஆகஸ்ட். ஆளவந்தார் பேனா விற்கிற கடையில் வியாபாரம் செய்தவர். ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. கொன்றது அந்த வீட்டுத் தம்பதி. தலையைத் தனியாக எடுத்து ராயபுரம் கடற்கரையில் புதைத்தார்கள். உடலை டிரங்குப் பெட்டியில் அடைத்து எழும்பூரில் போட் மெயிலில் ஏற்றிவிட்டார்கள். தனுஷ்கோடி, அப்புறம் கப்பல், சிலோன் என்று போகிற வண்டி அது. ரயில் போனால் பிரச்சினையும் கூடவே போய்விடும் என்று கணக்கு. மானாமதுரைக்குள் நாற்றம் தாங்காமல் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். தலையைக் கடலலை வெளியே கொண்டுவந்தது.

தலை ஓரிடம், உடல் ஓரிடம் என்றால் அடையாளம் தெரியாது என்று நினைத்தார்கள். ஆனால் ஆளவந்தார் இரண்டாம் உலகப்போர் சமயம் ராணுவத்தில் இருந்தவர். விரல்ரேகை அங்கே பதிவில் இருந்தது. ஆளை மறைக்கத் தலையை எடுத்தவர்கள் விரலை விட்டுவிட்டார்கள். தம்பதி பம்பாய்க்கு ஓடினார்கள், பிடிபட்டார்கள். கணவனுக்கு ஏழு வருடம், மனைவிக்கு மூன்று வருடம். தண்டனை ஏன் அவ்வளவு குறைவு என்பது தனிக்கதை. ஆளவந்தார் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த தொல்லையை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்த நாளில் ஊரே கோர்ட்டு வாசலில் கிடந்தது என்று என் அப்பா சொல்வார்.

ரிச்சிதெரு_ராஜா · காலை 11.02

ஐயா சொன்ன விரல்ரேகைக்கு இன்றைய தம்பி ஐ.எம்.இ.ஐ. 15 இலக்கம், ஒவ்வொரு போனுக்கும் தனி; இரண்டு சிம் போன் என்றால் இரண்டு. சிம்மைக் கழற்றி வீசிவிட்டால் ஆச்சு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த சிம்மைப் போட்டாலும் டவரோடு பேசும்போது இந்த எண்ணும் கூடப் போகிறது. 2023 மே மாதத்திலிருந்து சஞ்சார் சாத்தி தளத்தில் நாமே போனை முடக்கலாம். முடக்கிய போனில் யாராவது புது சிம் போட்டால் விவரம் போலீசுக்குப் போகும்.

ஆனால் என் கடைக்கு வந்த ஒரு அக்காவின் கதைக்கு இதெல்லாம் தேவையே படவில்லை. பஸ்ஸில் போன் போயிற்று. மூன்று வாரம் கழித்து வேறு போன் வாங்க வந்தார்கள். பழைய கணக்கில் நுழைந்து படங்களை இறக்கினால், அவர்கள் எடுக்காத படமெல்லாம் வந்து விழுகிறது. போனை வைத்திருக்கிறவன் கணக்கை வெளியேற்றவே இல்லை. எடுக்கிற படம் எல்லாம் தானாக அக்காவின் கணக்குக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தோடு வண்டலூர் போயிருக்கிறான். வெள்ளைப்புலி, யானை, ஐஸ்கிரீம் ஒழுகும் குழந்தை. கடைசிப் படம் அவன் வீட்டு வாசல், புதுக் கோலத்தோடு. கோலத்துக்கு மேலே சுவரில் பெயின்ட்டில் இ.பி. சர்வீஸ் நம்பர்.

முகவரி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அக்கா அந்தக் குழந்தைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள், அப்புறம்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

சைதை_வக்கீல் · காலை 11.30

ராஜா, வண்டலூர் போனவர் திருடினாரா, வாங்கினாரா?

ரிச்சிதெரு_ராஜா · காலை 11.34

கேட்டீர்களே சார். இரண்டாயிரம் ரூபாய்க்கு யாரிடமோ பில் இல்லாமல் வாங்கினானாம். அவன் சொன்னது.

சைதை_வக்கீல் · காலை 11.58

அதுதான் எனக்குத் தோன்றியது. சட்டம் இந்த இடத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே இதுதான். திருட்டு நடந்த சில நாளிலேயே பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், ஒன்று அவர் திருடியவர், இல்லை திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். ஊகிக்கலாம் என்றுதான் இருக்கிறது, ஊகித்தே ஆகவேண்டும் என்று இல்லை. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். பிரிவு எண் மாறியது, சரக்கு அதேதான்.

ஏட்டுப்பேரன் தம்பி கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் இன்னொன்று. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் "நகையை இந்தக் கிணற்றில் போட்டேன்" என்று சொல்லி, அங்கே நகை கிடைத்தால், கண்டெடுக்க வழிகாட்டிய அந்த ஒரு துண்டு மட்டும் செல்லும். பழைய 27-ஆம் பிரிவு. நான் பார்த்த எத்தனையோ திருட்டு வழக்குகள் இந்த ஒற்றைக் காலில்தான் நிற்கின்றன. அதனால் "முட்டாள்தனமாக எல்லாவற்றையும் உளறிவிட்டான்" என்று பேப்பரில் படித்தால், எங்கே வைத்து உளறினான், உளறுவதற்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்கள் எவ்வளவு வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வலது கையில் மாவுக்கட்டோடு ஆட்கள் வரிசையாக வருவார்கள்.

ஏட்டுப்பேரன் · மதியம் 12.15

கோபம் இல்லை சார். தாத்தா அந்த ரகம் இல்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், எனக்குக் கதை சொன்ன வயதில் அவர் ரிட்டயர் ஆகி ரொம்ப நாள்.

பறக்கும்ரயில் · மதியம் 12.40

கொஞ்சம் கடல் தாண்டுவோம். "எங்க அப்பன் குதிருக்குள் இல்லை" என்பதற்கு உலகத்திலேயே பொருத்தமான ஆள் அமெரிக்காவில் விச்சிட்டா நகரத்து டென்னிஸ் ரேடர். 1974-இலிருந்து 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவன். அப்புறம் சத்தமே இல்லை. யாருக்கும் துப்பு இல்லை. பேசாமல் இருந்திருந்தால் கிழவனாகிச் செத்திருப்பான். 2004-இல் தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்ற ஏக்கமோ என்னவோ, மறுபடி போலீசுக்கும் பத்திரிகைக்கும் கடிதம் எழுத ஆரம்பித்தான்.

இதற்கப்புறம்தான் அழகு. கடிதம் எழுதி அலுத்துப்போய், "ஃபிளாப்பியில் அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள்" என்று போலீசையே கேட்டான். போலீஸ் பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்தது: பரவாயில்லை, அனுப்பலாம். அனுப்பினான்! அதில் அழித்துவிட்டதாக நினைத்த ஒரு கோப்பு இருந்தது. கடைசியாகத் திருத்தியவர் பெயர் "டென்னிஸ்", கூடவே ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயர். அந்தச் சபையின் தலைவரே அவன்தான். 2005 பிப்ரவரி 25-இல் கைது. விசாரணையில் அவனுக்கிருந்த பெரிய வருத்தம், போலீஸ் தன்னிடம் பொய் சொல்லிவிட்டதே என்பது.

இன்னொருவர் 1995-இல் பிட்ஸ்பர்க்கில் ஒரே நாளில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்தவர். முகமூடி இல்லை. முகத்தில் எலுமிச்சைச் சாறு. சின்ன வயதில் நாம் எலுமிச்சைச் சாற்றால் எழுதிச் சூடு காட்டி விளையாடுவோமே, அந்தக் கண்ணுக்குத் தெரியாத மை விஷயத்தை நம்பி, சாறு தடவினால் கேமராவுக்கு முகம் தெரியாது என்று முடிவுகட்டினார். பிடித்தபோது "சாறு தடவியிருந்தேனே" என்றாராம். நாம் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிறதை அவர் மூஞ்சியில் பூசிக்கொண்டார். 1999-இல் டன்னிங், குரூகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரை இவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஒரு வேலை தெரியாதவனுக்குத் தனக்கு அது தெரியாது என்பதும் தெரியாது என்பதுதான் அவர்கள் சொன்னது.

மந்தைவெளி_சித்தி · மதியம் 1.25

அமெரிக்கா போதும்ப்பா, நம்ம தெருவுக்கு வாங்க.

எங்கள் எதிர் வீடு. மே மாதம். குடும்பத்தோடு திருத்தணி போய்விட்டார்கள். ராத்திரி ஒருவன் ஏறிக் குதித்து, பூஜையறை வெள்ளியெல்லாம் பெட்ஷீட்டில் மூட்டை கட்டிவிட்டான். கட்டினவன் போகவேண்டியதுதானே? ஃபிரிட்ஜைத் திறந்து தயிர் சாதமும் வத்தக்குழம்பும் சாப்பிட்டிருக்கிறான். வத்தக்குழம்பு சாப்பிட்டால் தூக்கம் வராமல் இருக்குமா? ஏசியைப் போட்டுப் பெரியவர் கட்டிலிலேயே படுத்துவிட்டான்.

காலையில் பால் பாக்கெட் எடுத்து வைக்க வேலைக்கார அம்மா வந்தார். பூட்டின வீடு. ஆனால் ஏசி குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் துளசிச் செடி மேல் விழுகிறது. அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போன பழக்கம் கிடையாது. ஷெர்லாக்கெல்லாம் யாரென்றே தெரியாது. சத்தம் போடாமல் நாலு வீட்டுக் கதவைத் தட்டினார். போலீஸ் வந்து எழுப்பினபோது திருடன் "மணி என்ன?" என்று கேட்டான்.

வெள்ளி மூட்டைக்குத் தலை வைத்துத் தூங்கியிருந்தான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது மட்டும் பின்னால் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெறியாளர் · மதியம் 1.40

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எப்படி மாட்டினார்கள் என்று பேசுங்கள், எப்படி மாட்டாமல் செய்திருக்கலாம் என்று படிப்படியாக வகுப்பெடுக்க வேண்டாம். நீக்கப்பட்டவருக்கு: உங்கள் யோசனையில் மூன்று ஓட்டைகள் இருந்தன, நீங்களும் மாட்டியிருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை · மதியம் 2.30

சுவரேறிக் குதிக்கிறவர்களை மட்டும் பேசுகிறீர்கள். நான் இருபது வருடமாகத் தணிக்கை பார்க்கிறேன், மேஜையில் உட்கார்ந்து செய்கிறவர்கள் செய்யும் அசட்டுத்தனம் குறைந்ததில்லை. ஒரு அலுவலகத்தில் ஊர் சுற்றுகிற ஒருவர் வருடம் முழுக்கப் பெட்ரோல் பில் வைத்தார். வெவ்வேறு மாதம், வெவ்வேறு தேதி. பில் எண்கள் மட்டும் 4411, 4412, 4413 என்று தொடர்ச்சி. அதாவது அந்த பங்க்கில் வருடம் முழுக்க இவர் ஒருவர்தான் பெட்ரோல் போட்டிருக்கிறார். முழு பில் புத்தகத்தையும் ஒரே இரவில், ஒரே பச்சை மையில் எழுதித் தள்ளியிருக்கிறார். அதில் ஒன்று பிப்ரவரி 30.

ஆட்கள் தொகையைப் பற்றி ரொம்ப யோசிப்பார்கள். 4,870 ரூபாய் என்று சந்தேகம் வராத மாதிரி போடுவார்கள். காகிதத்தைப் பற்றி யோசிக்கமாட்டார்கள்.

பாகிஸ்தானில் பிரதமர் குடும்பத்து வழக்கில் 2017-இல் இதே மாதிரி ஒன்று பேசப்பட்டது. 2006 தேதியிட்ட ஒரு ஆவணம் கலிப்ரி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு பொதுமக்கள் கைக்கு வந்தது 2007-இல். ஊரே சிரித்தது. ஆனால் 2022-இல் மேல்முறையீட்டில் சம்பந்தப்பட்டவர் விடுதலை ஆகிவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் சார் இருக்கிற இடத்தில் பாதி மட்டும் சொன்னால் வம்பு.

சைதை_வக்கீல் · மதியம் 2.34

நன்றி. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பறக்கும்ரயில் · மாலை 4.05

எழும்பூர் என்றதும் ஐயா சொன்ன போட் மெயில் ஒன்று, இன்னொன்று 2016 சேலம் ரயில் கொள்ளை. ஆகஸ்ட் 8 இரவு சேலத்தில் கிளம்பிய ரயிலில் ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய பழைய நோட்டு 342 கோடி. காலையில் எழும்பூரில் பெட்டியைத் திறந்தால் கூரையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஐந்தே முக்கால் கோடிக்கு மேல் காணோம். அன்றைக்கு சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை மின்கம்பி கிடையாது, டீசல் எஞ்சின்தான். கூரையில் ஏறி உட்கார்ந்து அறுக்க முடிந்தது அந்தத் தூரத்தில்தான். அது வரைக்கும் யோசித்த மூளை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

செய்த தப்பு ஒன்று, பட்ட கெட்ட நேரம் ஒன்று. கையில் வைத்திருந்தது 500, 1000 ரூபாய் நோட்டுகள். சரியாக மூன்று மாதம் கழித்து நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. நாமெல்லாம் ஏ.டி.எம். வாசலில் நின்றபோது அவர்கள் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தப்பு என்னவென்றால் செல்போன். 2018-இல் சி.பி.சி.ஐ.டி. மத்தியப் பிரதேசக் கும்பலைப் பிடித்தது, தண்டவாளத்தை ஒட்டிய டவர்களில் பதிவான அழைப்புகளைச் சலித்துத்தான்.

இங்கிலாந்தில் நடந்த பெரிய ரயில் கொள்ளையும் ஆகஸ்ட் 8 தான், 1963. 26 லட்சம் பவுண்டு. ஒரு பண்ணை வீட்டில் பதுங்கி, பொழுது போகாமல் கொள்ளையடித்த பணத்தையே வைத்து மோனோபலி ஆடியிருக்கிறார்கள். பலகையிலும் சாஸ் பாட்டிலிலும் விரல்ரேகை. வீட்டைக் கொளுத்திவிடச் சொல்லி ஒருவனுக்குக் காசு கொடுத்திருந்தார்கள். அவன் கொளுத்தவில்லை. கான்ட்ராக்ட் வேலை எங்கேயும் அப்படித்தான்.

திருச்சிக்காரன்_தாம்பரத்தில் · மாலை 4.30

எங்கள் ஊர் சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்துப் பெரிய நகைக்கடை, 2019 அக்டோபர். சுவரில் ஓட்டை, முகத்தில் பொம்மை முகமூடி, மோப்ப நாய்க்கு மிளகாய்ப்பொடி. எல்லாம் பக்கா. அடுத்த நாளே திருவாரூரில் சாதாரண வாகனச் சோதனையைப் பார்த்துப் பதறி ஓடினார்கள். ஓடாமல் நின்றிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. பெட்டியில் இருந்த நகையில் கடையின் விலைச்சீட்டுகூடக் கழற்றாமல் இருந்தது.

வடசென்னைக்காரி · மாலை 5.50

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ரசித்தேன், வத்தக்குழம்புக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, நமக்குத் தெரிந்தது மாட்டினவர்கள் மட்டும்தானே? என் அம்மாவின் நாலு பவுன் செயின் போய் எட்டு வருடம். எடுத்தவன் புத்திசாலியா, இல்லை அவனை யாரும் தேடவே இல்லையா? அவனைப் பற்றி யாரும் இங்கே எழுத முடியாது. "குற்றவாளி முட்டாள், அதனால் மாட்டுவான்" என்று நிம்மதியாகச் சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

இரண்டாவது, ஏட்டுத் தாத்தாவின் பால்கனி டிக்கெட். மன்னிக்கவும் தம்பி, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வியாசர்பாடியில் எங்கள் தெருப் பையன், பத்தொன்பது வயது, கேட்டரிங் வேலை. மூன்று கல்யாண முகூர்த்தம் ராப்பகலாக நின்று, அந்தக் காசில் வெள்ளை ஷூ ஒன்று வாங்கினான். அந்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு உடைபட்டிருந்தது. "உனக்கு ஏதுடா இந்த ஷூ?" அதுதான் கேள்வி. இரண்டு ராத்திரி உட்கார வைத்தார்கள். கேட்டரிங் முதலாளி போய்ச் சொன்ன பிறகு விட்டார்கள். ஷூவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அவன் அப்புறம் போட்டு நான் பார்க்கவில்லை.

அண்ணாநகரில் ஒரு பையன் புது ஷூ போட்டால் யாராவது கேட்பார்களா? திடீர்ச் செலவு என்பது தடயமாகத் தெரிவது சில தெருக்களில் மட்டும்தான்.

மூர்மார்க்கெட் · மாலை 6.15

அம்மா சொல்வது சரி. கோவலன் கதையையே எடுங்களேன். சிலம்பை உண்மையில் திருடியவன் பொற்கொல்லன். காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் முகத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே ஒரு வகுப்பெடுக்கிறான். திருடர்கள் எட்டு விஷயத்தைத் துணையாக வைத்துக்கொண்டு திரிவார்கள்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றையும் விளக்குகிறான். நாம் காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிற அதே வேலை. கேட்டவர்களில் ஒருவன் வாளை வீசிவிட்டான். வகுப்பெடுத்தவன்தான் திருடன்.

தடயம் கண்ணகி கையில்தான் இருந்தது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்களுடையது முத்து என்றான் பாண்டியன். உடைத்தார்கள், மாணிக்கம் தெறித்தது. உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆளை வெட்டின பிறகு பார்த்தார்கள்.

சைதை_வக்கீல் · மாலை 6.22

ஐயா, இதை என் ஜூனியர்களுக்குச் சொல்லப்போகிறேன். அந்த மார்ச் சம்பவத்திலும் ஷூவோடு கதை முடியவில்லை. பிடிபட்டவர்களில் ஒருவர் மறுநாள் விடிவதற்குள் தரமணிப் பக்கம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். அவர் வரையில் ஷூ சாட்சி கோர்ட்டு ஏறவே இல்லை.

ஏட்டுப்பேரன் · இரவு 9.35

வடசென்னைக்காரி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த பால்கனிக் கதையில் எல்லாருமே திருடன்தானா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

ரிக்‌ஷாக்காரர் ஒருவர். இடைவேளையில் தாத்தா தோளில் கை போட்டுக் கூட்டிவந்தாராம். அன்றைக்கு அவருக்குப் பெண் குழந்தை பிறந்து பதினாறாம் நாள். மாமனார் கொடுத்த காசில் பால்கனிக்கு ஏறியிருக்கிறார். விடிந்த பிறகுதான் தெரிந்தது. தாத்தா ரிட்டயர் ஆன பிறகு சாயங்காலம் மின்ட் வரைக்கும் நடந்து போய் ஒரே ரிக்‌ஷாவில்தான் திரும்புவார், நடக்க முடிந்த காலத்திலும். ஏன் என்று பாட்டி கேட்டால் பதில் சொல்லமாட்டாராம்.

எனக்குச் சொன்ன கதைகளில் இது இல்லை. அந்த ரிக்‌ஷா தாத்தாவை எனக்கு முகம் நினைவிருக்கிறது. எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொடுப்பார்.

வடசென்னைக்காரி · இரவு 9.52

கேட்டுப் போட்டதற்கு நன்றி தம்பி.

மந்தைவெளி_சித்தி · இரவு 10.05

அந்த ரிக்‌ஷாக்காரர் வீட்டுப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று அப்பாவுக்குத் தெரியுமா? சும்மா கேட்டேன்.

ஏட்டுப்பேரன் · இரவு 10.11

தெரியவில்லை சித்தி. நாளைக்குக் கேட்கிறேன்.

கூவம்கரை · இரவு 10.40

தலைப்புக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. இப்போதுதான் அபராதத் தளத்தைப் பார்த்தேன். திருடன் வாங்கின மூன்றும் அப்படியே இருக்கிறது. கூட நான்காவது ஒன்று. அதே சிக்னல், காலை 8.40, ஹெல்மெட் இல்லை. தேதியைப் பார்த்தால் வண்டி திரும்பி வந்த அடுத்த வாரம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நான்தான்.